கூப்பர்ஸ் வீட்டு பியர் தொகுப்பு: பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவருமா?

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பியர் தயாரித்துப் பார்க்க நினைக்கும் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது, அடிலெய்டு நகரத்துக் கூப்பர்ஸ் நிறுவனத்தின் தொடக்கத் தொகுப்புதான். 1862இல் தாமஸ் கூப்பர் தொடங்கி, இன்றும் அந்தக் குடும்பத்தார் கையிலேயே இருக்கும் இந்த நிறுவனம், தன் பியரை விற்பதோடு நிற்காமல், வீட்டில் செய்துகொள்வதற்கான மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகையும் டப்பாவில் அடைத்துப் பல நாடுகளுக்கு அனுப்பிவருகிறது. மெல்பர்ன் புறநகர் ஒன்றில், மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், ஆண்டில் சில மாதங்கள் ஊரிலிருந்து வந்து தங்கும் மாமியார் ஆகியோரோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, சில ஆண்டுகளாக இந்தத் தொகுப்பைப் பயன்படுத்திவருகிறேன். இதில் உருவாகும் பியரின் சுவையை அலசும் மதிப்புரைகள் ஏற்கெனவே நிறைய உள்ளன. வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, சமையலறைத் தொட்டிக்கான போட்டி ஆகியவற்றுக்கு நடுவே இது எவ்வளவு இடத்தையும் நேரத்தையும் கேட்கிறது என்பதைத்தான் நான் எழுத விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதிலுள்ள பாத்திரங்களுக்காக இதைத் தாராளமாக வாங்கலாம், கூட வரும் லாகர் (குளிரில் நொதிக்கும் பியர் வகை) டப்பாவுக்காக வாங்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் 23 லிட்டர் பியர் நொதிக்கக்கூடிய பிளாஸ்டிக் கலன், அதன் மூடி, குழாய், வண்டல் வெளியே வராமல் தடுக்கும் சிறு அடைப்பு, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், பாட்டில் நிரப்பும் வால்வு, நீண்ட கரண்டி, 740 மி.லி. கொள்ளளவுள்ள முப்பது பழுப்பு நிற பிளாஸ்டிக் பாட்டில்கள், 1.7 கிலோ மால்ட் பாகு, ஒரு கிலோ சர்க்கரைக் கலவை, 7 கிராம் உலர் ஈஸ்ட், பாட்டிலுக்குள் வாயு உருவாகப் போடும் சர்க்கரை வில்லைகள் ஆகியவை இருக்கின்றன. கலனின் வாய் அகலமாக இருப்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, கீறல் விழாத மெல்லிய துணியால் அடிவரை துடைக்க முடிகிறது என்பதுதான் இதன் பெரிய வசதி. குறுகிய வாயுள்ள கண்ணாடிக் குடங்களை நீண்ட தூரிகையால் குடைந்து கழுவியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூடி இறுக்கித் திருகும் வகையைச் சேர்ந்ததன்று. வெறுமனே மேலே அமர்ந்திருக்கும். உள்ளே உருவாகும் கரியமில வாயு அதன் ஓரமாகக் கசிந்து வெளியேறிவிடும். வாயுவை நீர் வழியாக வெளியேற்றி இரவெல்லாம் குமிழிவிட்டுச் சத்தமிடும் காற்றுப்பூட்டு இல்லாததால், படுக்கையறைக்கு அடுத்த அறையில் வைத்தாலும் யாருடைய தூக்கமும் கெடுவதில்லை.

தயாரிக்கும் நாளில் உண்மையான வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பாகு டப்பாவை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்திவைத்து இளக்கி, இரண்டு லிட்டர் சுடுநீரில் சர்க்கரைக் கலவையோடு கரைத்து, குளிர்ந்த நீரை ஊற்றி 23 லிட்டராக்கி, மேலே ஈஸ்டைத் தூவி மூடிவிட்டால் அவ்வளவுதான். தானியத்தை ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைப்பதும் தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்துவிட்டதால், தானியத்திலிருந்து தொடங்குபவர்கள் செலவிடும் அரை நாளும், வீடெங்கும் பரவும் ஆவியும் நமக்கு மிச்சமாகின்றன. டப்பாவிலுள்ள பாகில் கசப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. டப்பாவின் தேதியை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். நான் ஒருமுறை இணையக் கடை ஒன்றில் வாங்கிய டப்பா காலாவதிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் வந்துசேர்ந்தது. பழைய பாகு நிறம் கறுத்து, பியரில் ஒருவித மழுங்கிய இனிப்பை விட்டுச்செல்லும். மூடிக்கடியிலுள்ள ஈஸ்டும் தன் வீரியத்தை இழந்திருக்கும்.

ஈஸ்டைத் தூவிய பிறகு நம் கையில் இருக்கும் ஒரே பெரிய விஷயம் வெப்பநிலை. டப்பாவில் லாகர் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது, சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் என்ற பியர் வகைக்கான ஈஸ்ட்; உண்மையான லாகர் ஈஸ்ட் கேட்கும் 10 முதல் 14 டிகிரி வரையிலான குளிர் இதற்குத் தேவையில்லை; 18 முதல் 20 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்கிறது. அதே ஈஸ்டை 27 டிகிரிக்கு மேல் விட்டால் வாழைப்பழ வாசனையும், மறுநாள் தலைவலிக்குக் காரணமாகச் சொல்லப்படும் கனத்த ஆல்கஹால்களும் கூடிவிடும். மெல்பர்னில் கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு; குளிர்காலத்தில் கராஜ் பத்து டிகிரிக்கும் கீழே போய்விடும். கோடைக்கு, தட்டுகளைக் கழற்றிய பழைய குளிர்சாதனப் பெட்டியும், அதை நாம் குறித்த வெப்பநிலையில் நிறுத்தி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் நீர் நிரப்பிய தொட்டியில் கலனை நிறுத்தி, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்காலத்துக்குக் கலனுக்கடியில் வைக்கும் வெப்ப விரிப்பு ஒன்று போதுமானது. அந்த விரிப்பு பியர் இல்லாத வாரங்களில் என் மாமியாரின் இட்லி மாவுப் பாத்திரத்துக்கு அடியில் போய்விடுகிறது; அவர் இங்கே இருக்கும் மாதங்களில் அதற்கு முன்பதிவு செய்துதான் நான் பியர் போட முடிகிறது. இந்தத் தொகுப்பில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் எந்தச் சாதனமும் வருவதில்லை என்பதை, செலவுக் கணக்குப் போடுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். டப்பாவை மாற்றுவதைவிட வெப்பநிலையைப் பிடித்துநிறுத்துவதற்குச் செலவிடும் பணமே பியரின் தரத்தை அதிகம் உயர்த்துகிறது.

குடும்பத்தோடு ஒத்துப்போவது இந்தப் பொழுதுபோக்கின் நடுப்பகுதிதான், ஏனென்றால் அது நம்மை அவசரப்படுத்துவதில்லை. ஒரு வாரத்தில் நுரை அடங்கிவிடும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தால், தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், தொடக்கத்தில் 1.040 அளவில் இருந்தது 1.010 அளவுக்கு இறங்கியிருக்கும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது என்று பொருள். அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு வந்தாலோ, பியர் இன்னும் ஒரு வாரம் கலனிலேயே இருக்கலாம். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, வண்டல் நன்றாகப் படிந்து கூடுதல் தெளிவே கிடைக்கும். ஆனால் அளவு பார்க்காமல் அவசரமாகப் பாட்டிலில் அடைப்பது ஆபத்து: மிச்சமிருக்கும் சர்க்கரை உள்ளேயே நொதித்து, பாட்டிலின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கண்ணாடிப் பாட்டில் என்றால் வெடித்துச் சிதறும். இந்தத் தொகுப்பில் பிளாஸ்டிக் பாட்டில் வருவதைப் பார்த்து முகம் சுளிக்கும் பியர் ரசிகர்களுக்கு என் பதில் இதுதான்: கராஜில் சைக்கிள் எடுக்க ஓடிவரும் குழந்தைகள் உள்ள வீட்டில் பிளாஸ்டிக்தான் சரி. அழுத்தம் ஏறிவிட்டதா என்பதை விரல்களால் பாட்டிலை அமுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பது இன்னொரு வசதி.

சிக்கல் பாட்டில் நிரப்பும் இரவில்தான் இருக்கிறது. முப்பது பாட்டில்களையும் கழுவி, கிருமிநீக்கிக் கரைசலில் அலசி, கவிழ்த்துவைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வில்லைகள் போட்டு, நிரப்பி, மூடித் திருகி, தேதி எழுதி அடுக்குவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. நடுவில் எழுந்து போனால் கழுவியவற்றை மறுபடியும் அலச வேண்டியிருக்கும். நிரப்பும் வால்வு மட்டும் மிகவும் நேர்த்தியானது. அதைப் பாட்டிலின் அடியில் வைத்து அழுத்தினால் பியர் நுரைக்காமல் கீழிருந்து மேலேறுகிறது. விளிம்பு வரை நிரம்பியதும் வெளியே எடுத்தால், வால்வின் பருமனுக்குரிய இடம் மட்டும் கழுத்தில் காலியாக நிற்கிறது. வாயு சேர்வதற்கு அந்த இடம் சரியாக இருக்கிறது. அழுக்கை நீக்க, குழந்தைகளின் துணிகளை ஊறவைக்கும் வாசனையற்ற சோடியம் பெர்கார்பனேட் தூளே போதும். அதற்குப் பின் அலச வேண்டாத கிருமிநீக்கி ஒன்றைத் தெளித்துவிட்டால் வேலை குறையும். ஆனால் இந்தப் பாட்டில்களைக் கொதிநீரில் போட முடியாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போட முடியாது. சூட்டில் சுருங்கிக் கோணிவிடும். ஒவ்வொரு பாட்டிலையும் குடித்து முடித்த உடனேயே மும்முறை அலசிக் கவிழ்த்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் நிரப்பும் இரவு பாதியாகச் சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு, பிள்ளைகள் படுத்த பிறகு, லாண்டரித் தொட்டியில் மட்டும், என்று இடமும் நேரமும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளை இதில் எந்தக் கட்டத்திலும் சேர்க்கக் கூடாது என்பதும் மனைவியின் நிபந்தனை. அது நியாயமானதே, ஏனென்றால் அந்தச் சர்க்கரை வில்லைகள் பார்ப்பதற்கு மிட்டாயைப் போலவே இருக்கின்றன.

பாட்டிலின் அளவைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 4.5 சதவீத ஆல்கஹால் உள்ள 740 மி.லி. பியரில் ஏறத்தாழ 26 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கணக்கில் 10 கிராம் ஆல்கஹால் என்பது ஒரு நிலையளவு (standard drink) என்பதால், ஒரு பாட்டில் இரண்டரை அளவுக்கும் மேலாகிறது. வீட்டில் நான் ஒருவன்தான் குடிப்பவன் என்ற நிலையில், ஒரு பாட்டிலைத் திறந்தால் முழுவதையும் முடிக்க வேண்டும், அல்லது மறுநாள் வாயு இறங்கிய மிச்சத்தைக் கொட்ட வேண்டும். மாலையில் மகனை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவர வேண்டிய நாளில் இந்தக் கணக்கு விளையாட்டன்று. 500 மி.லி. பாட்டில்கள் தனியாகக் கிடைக்கின்றன. தொகுப்போடு வந்தவற்றில் பாதியை விருந்தினருக்கென ஒதுக்கிவிட்டு, நம் உபயோகத்துக்குச் சிறியவற்றை வாங்கிக்கொள்வதே நல்லது. கடையில் ஆறு பாட்டில் வாங்கும்போது கைக்குத் தெரியும் கணக்கு, கராஜில் இருபத்திரண்டு லிட்டர் அடுக்கியிருக்கும்போது தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி சுவை. பாட்டிலில் அடைத்த பின் 18 டிகிரிக்குக் குறையாத இடத்தில் இரண்டு வாரமாவது வைத்தால்தான் வாயு ஏறும். நான்கைந்து வாரம் பொறுத்தால் தொடக்கத்தில் இருக்கும் பச்சை ஆப்பிள் வாடை மறைந்து பியர் தெளிகிறது. லாகர் டப்பா தருவது இளமஞ்சள் நிறமும் மிதமான கசப்பும் உள்ள, குறை சொல்ல முடியாத, ஆனால் நினைவிலும் நிற்காத பியர். மிளகு தூக்கலான கோழி வறுவலுக்குப் பக்கத்தில் அது போதுமானதாகவே இருக்கிறது; தனியாகக் குடிக்கும்போதுதான் அதன் உடல், அதாவது வாயில் தெரியும் கனம், மெலிந்திருப்பது தெரிகிறது. சர்க்கரைக் கலவைக்குப் பதில் வெறும் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஆல்கஹால் ஏறும், உடல் இன்னும் மெலியும். கலவையில் உள்ள, ஈஸ்ட் எளிதில் நொதிக்காத மால்டோடெக்ஸ்ட்ரினும் உலர் மால்ட்டும்தான் நுரை நிற்பதற்கும் வாயில் சற்றுக் கனம் தெரிவதற்கும் காரணம். பாட்டிலின் அடியில் மெல்லிய ஈஸ்ட் வண்டல் இருப்பது குற்றமன்று. கடையில் விற்கும் கூப்பர்ஸின் பேல் ஏல் என்ற வெளிர்நிற ஏல் பியரிலேயே அது உண்டு. அதை உருட்டிக் கலக்கிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் கலக்காமல் தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்வேன்.

செலவைப் பொறுத்தவரை, இங்கே பாட்டில் பியர் மீதான கலால் வரி விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், 375 மி.லி. பாட்டில்கள் இருபத்துநான்கு கொண்ட அட்டைப்பெட்டி 50 டாலரைத் தாண்டிவிட்டது. முதல் தொகுப்புக்குப் பின் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டியது ஒரு டப்பாவும் ஒரு கலவைப் பையும் வில்லைகளும் மட்டுமே. அவற்றின் விலை ஓர் அட்டைப்பெட்டியின் விலையைவிடக் குறைவு, கிடைக்கும் பியரோ ஏறத்தாழ இரண்டரை அட்டைப்பெட்டி. நம் நேரத்துக்குக் கூலி போட்டால் இந்த லாபம் நிற்காது. அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கின் பக்கமே வர மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு முழு வீரியமுள்ள பியர் தயாரிப்பதற்கு 1970களின் தொடக்கத்தில், பிரதமர் கஃப் விட்லம் ஆட்சிக் காலத்தில் வழி பிறந்தது. விற்கக் கூடாது, சாராயமாக வடித்திறக்கக் கூடாது என்ற தடைகள் இன்றும் நீடிக்கின்றன. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்புக்குள் அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதால், ஊரிலுள்ள உறவினருக்கு இந்தப் பெட்டியைப் பரிசாக எடுத்துச்செல்லும் யோசனை யாருக்காவது இருந்தால் கைவிட்டுவிடலாம்.

வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: உடன் வரும் லாகரை முதல் முறை, கருவிகளைப் பழகிக்கொள்வதற்காக மட்டும் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை பேல் ஏல் டப்பாவை வாங்கி, சர்க்கரைக் கலவைக்குப் பதிலாக ஒரு கிலோ உலர் மால்ட் சேர்த்து, நுரை அடங்கிய நான்காம் ஐந்தாம் நாளில் கேலக்ஸி என்னும் ஆஸ்திரேலிய ஹாப்ஸ் குருணை 25 கிராமை ஒரு துணிப்பையில் கட்டி உள்ளே போடுங்கள். பேஷன் பழத்தின் மணம் ஏறிய அந்தப் பியருக்கும் பெட்டியோடு வந்ததற்கும் உறவே இருப்பதாகத் தெரியாது. ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்றுவிட்டால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நாய் வளர்க்கும் வீட்டில், வடிந்த ஹாப்ஸ் பையைத் தோட்டத்து உரக்குழியில் போடாமல், மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.