அறுப்புக் குதிரை: பலகைக்கு ஒரு ஜோடி, கட்டைக்குத் தனியாக ஒன்று

அறுக்கும்போது மரத்தைத் தாங்கி நிற்கும் கால் வைத்த சட்டம்தான் அறுப்புக் குதிரை. பலகை அறுக்கும் குதிரையில் உருட்டுக்கட்டையை ஏற்றக் கூடாது. கட்டை அறுக்கும் குதிரையில் பிளைவுட்டைக் கிடத்தினால் வேலை ஓடாது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை வாங்கிவிடலாம் என்று கடைக்குக் கிளம்புகிறவர்களிடம், இரண்டு வகையையும் பல வருடங்களாகப் புழங்குகிறவன் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையோடு தாத்தா காலத்துப் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்களை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். எங்கள் பலாவை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. அடிமரத்தைச் சாமில்லில் பலகையாக்கிக்கொண்டு, கிளைகளை நானே அறுக்கத் தொடங்கினேன். தச்சு வேலையில் எனக்குப் பிடிப்பு வந்தது அப்போதுதான். இதுவரை மூன்று வகைக் குதிரைகளை வைத்து வேலை செய்திருக்கிறேன்: கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மடக்குக் குதிரை, வெல்டிங் பட்டறையில் செய்த இரும்பு ஜோடி, ஊர் ஆசாரியோடு சேர்ந்து செய்த எக்ஸ் வடிவ மரக் குதிரை.

பிளாஸ்டிக் குதிரைக்கு உள்ள ஒரே பெரிய சிறப்பு, எடை குறைவு. மடக்கி ஆணியில் மாட்டிவிடலாம். கதவுக்கு வர்ணம் பூசவும் சட்டம் துண்டு போடவும் தாராளமாகப் போதும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எடைத் தாங்கும் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது ஜோடிக்குச் சேர்த்துச் சொல்வது, அதுவும் பரவலாக, அசையாமல் கிடக்கும் எடைக்கு. தூக்கிப் போடும் கட்டையின் அதிர்ச்சி அந்தக் கணக்கில் வராது. நம் ஊர் வெயில் இன்னொரு எதிரி. வெளியிலேயே கிடந்தால் பிளாஸ்டிக் முதலில் வெளிறும், பிறகு நொறுங்கும். என்னிடம் இருந்த ஜோடியில் விரிசல் கீலைச் சுற்றித்தான் முதலில் ஓடியது. டைல்ஸ் தரையில் கால் வழுக்கும் என்பதால் அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டிக்கொள்வது நல்லது.

இரும்பு ஜோடியில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. சதுரக் குழாயில் செய்தது. கால்கள் செங்குத்தாக நிற்காமல் பதினைந்து டிகிரி அளவுக்கு வெளியே சாய்ந்திருக்கும். மேல்முகத்தில் ஒரு மரச் சட்டத்தைத் திருகாணி போட்டுப் பொருத்தியிருக்கிறேன். ரம்பம் தப்பிப் பட்டாலும் மரத்தில்தான் படும், சட்டம் தேய்ந்தால் வேறு மாற்றிக்கொள்ளலாம். உயரத்தைப் பற்றி யாரும் கடையில் கேட்பதில்லை, ஆனால் முதுகுவலியைத் தீர்மானிப்பது அதுதான். கைரம்பத்தில் அறுக்கிறவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், ஒரு காலைத் தூக்கிப் பலகையை மிதித்துப் பிடிக்க. மின்ரம்பத்துக்கு முப்பது அங்குலம் எனக்குச் சரியாக வருகிறது.

எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை இரண்டு குதிரைமேல் அப்படியே போட்டு நடுவில் அறுக்கிறார்கள். அறுப்பு முடியும் நேரத்தில் பிளைவுட் நடுவில் தொய்ந்து ரம்பத்தைக் கவ்வும், இயந்திரம் பின்னோக்கி எகிறும். குதிரைகளுக்குக் குறுக்கே நான்கு ரீப்பர்களை (ஒல்லியான நீள மரச் சட்டங்களை) பரப்புங்கள். அறுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பிளேடு பலகையின் கனத்தைத் தாண்டிக் கால் அங்குலம் மட்டும் இறங்கும்படி வைத்தால், அறுத்து முடித்த பிறகும் இரண்டு துண்டுகளும் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

இடம் குறைந்த அடுக்குமாடி வீட்டுக்கு, கவ்வும் தாடை கொண்ட மடக்கு மேசை பொருத்தம். அதற்கு மூலமான வொர்க்மேட்டை உருவாக்கிய ரான் ஹிக்மேன் கார் வடிவமைப்பாளர். 1961இல் நாற்காலியைத் தாங்கியாக வைத்துப் பலகை அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார், அதிலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது. இன்றும் நம் வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலிதான் குதிரையாகிறது. தயவுசெய்து வேண்டாம்.

இனி கட்டை. உருட்டுக்கட்டை உருளும், புரளும். தட்டையான குதிரையில் அதை நிறுத்தவே முடியாது. எக்ஸ் வடிவக் குதிரையில் மேல்கைகளின் இடுக்கில் கட்டை தன் எடையாலேயே அமர்ந்துகொள்ளும். எங்களுடையது மூன்று அங்குலத்துக்கு இரண்டு அங்குல வேப்பஞ்சட்டத்தில் மூன்று எக்ஸ்கள், நடுவில் அரை அங்குல போல்ட், கீழே இரண்டு பக்கமும் குறுக்குச் சட்டம். மூன்றையும் சம தூரத்தில் வைக்காமல் இரண்டை நெருக்கமாக வைக்கச் சொன்னார் ஆசாரி. குட்டையான கட்டைக்கும் இரண்டு தாங்கல் கிடைக்கிறது. மேல்கைகளில் ஆணியே கிடையாது. கட்டையை அறுப்பது செயின் ரம்பத்தில், அதன் செயின் இரும்பில் பட்டால் பல் போய்விடும், அறுந்து தெறிக்கவும் கூடும். கட்டைக்கு இரும்புக் குதிரை வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

குதிரை எவ்வளவு பலமானது என்பதைவிட எங்கே அறுக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே மேலிருந்து அறுத்தால் கட்டை தொய்ந்து, அறுப்புவாய் மேல்பக்கம் மூடிக்கொண்டு செயினைப் பிடித்துக்கொள்ளும். தாங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அறுத்தால் வாய் தானாகத் திறக்கும், துண்டு கீழே விழும். நீட்டம் கனமாக இருந்தால் முழுதும் அறுபடுவதற்குள் அடியில் பிளந்து கிழியும். அதற்கு முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து மிச்சம். கீழிருந்து அறுக்கும்போது இயந்திரம் நம்மை நோக்கித் தள்ளும், கால்களை ஊன்றி நிற்க வேண்டும். எடையில் பெரும்பகுதி எப்போதும் தாங்கிகளுக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் கட்டை குதிரையோடு கவிழும்.

முழு வேகத்தில் செயின் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. கை சுதாரிப்பதற்கு நேரமே இல்லை. செயின் ஓடும் பட்டையின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கி எழும்பும். ஆகவே குதிரையின் அடுத்த கை நுனிக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இரண்டு கையும் பிடியில், கட்டைவிரல் சுற்றிப் பிடித்தபடி, உடம்பு அறுப்புக் கோட்டுக்குச் சற்று ஒதுங்கி. "நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று யார் முன்வந்தாலும் எட்டிப் போகச் சொல்லுங்கள், பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி. கைலி கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு செயின் ரம்பத்தைத் தூக்குகிறவர்களை எங்கள் பக்கம் இன்னும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. இறுக்கமான பேன்ட், கனத்த ஷூ, கண்ணாடி, காதடைப்பு இல்லாமல் இயந்திரத்தைத் தொடவே கூடாது.

பெரிய கட்டையை இதில் ஏற்ற நினைக்காதீர்கள். ஓர் அடி விட்டமும் ஆறடி நீளமும் உள்ள பச்சைமரம் நூறு கிலோவைத் தாண்டும். அதைத் தரையிலேயே, அடியில் சிறு கட்டை கொடுத்து, செயின் மண்ணில் படாமல் துண்டு போடுவதுதான் முறை. எட்டு அங்குல விட்டத்துக்கு உட்பட்ட கிளைகளுக்கே என் குதிரை. தென்னையை அறுக்கிறவர்கள் அரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் வெளிப்புறம் செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

பராமரிப்பு அதிகமில்லை. பலாப்பால் இடுக்குகளில் அப்பிக்கொண்டால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போகும். கால்களின் அடியில் கழிவு ஆயில் பூசி, மழைக்காலத்தில் செங்கல்மேல் நிறுத்துகிறேன், கரையான் ஏறவில்லை. வெயில் காலத்தில் சட்டம் சுருங்கி போல்ட் தளரும். வேலையைத் தொடங்குமுன் குதிரையைப் பிடித்து ஒரு முறை உலுக்கிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் நட்டை முறுக்கிக்கொள்ளுங்கள்.