அப்பாவோட காது மெஷின், ஈரோட்டு சென்டர்: 6 மாசம் கழிச்சு எழுதறேன்

5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கடைசியில சொல்றேன்.

அப்பாவுக்கு 67 வயசு, பள்ளிபாளையத்துல 30 வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டுனவரு. ரெண்டு மூணு வருஷமாவே டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும், போன் வந்தா எங்கிட்ட நீட்டிடுவாரு, விசேஷம்னா "நீங்க போய்ட்டு வாங்க கண்ணு"ன்னு வீட்டுலயே உக்காந்துக்குவாரு. வயசாச்சு, கோவம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு தான் நாங்க நினைச்சோம், சுத்தி இருக்கறவங்க பேசறதே அவருக்கு புரியலைங்கறது எங்களுக்கு உறைக்கவே இல்ல, இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில டெஸ்ட்டே பண்ணாம 6,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் மாட்டி விட்டாங்க, அது எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்திக் குடுத்து, அடுக்களையில தட்டு விழுந்தா அப்பா தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பாரு, 10 நாள்ல பீரோவுக்குள்ள போயிடுச்சு.

இந்த சென்டர்ல மொத நாள் மெஷின் பேச்சே எடுக்கல. இஎன்டி டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க, ஏன்னா அழுக்கு அடைச்சிருந்தாலோ செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருந்தாலோ வைத்தியத்துலயே சரியாக வாய்ப்பிருக்கு. அப்புறம் ஆடியாலஜிஸ்ட் (காது எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்றவங்க) மேடம் உக்கார வெச்சு கேட்டாங்க, சுகர் இருக்கா, முன்னாடி டிபிக்கு ஊசி போட்டிருக்கீங்களா (ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காதை பாதிக்குமாம்), என்ன வேலை பாத்தீங்க. தறின்னு சொன்னதும் எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு ஒவ்வொன்னா எழுதிக்கிட்டாங்க.

சத்தம் புகாத ரூம்ல ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டா பட்டனை அமுக்கணும், ரெண்டு காதுக்கும் தனித்தனியா. ரிசல்ட் கிராஃப்ல கனமான சத்தம் வர்ற பக்கம் கோடு ஓரளவு நல்லா இருந்துச்சு, கீச்சு சத்தம் பக்கம் போகப்போக சரிஞ்சு 4000 ஹெர்ட்ஸ்கிட்ட பெரிய பள்ளம். இரைச்சல்ல வேலை பாத்தவங்களுக்கு அங்க தான் மொதல்ல அடி விழுமாம். உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்கற இடத்துல சத்தத்தை உணர்ற சுமார் 15,000 முடி செல்லுங்க இருக்கு, செத்தா திரும்ப முளைக்காது. ச, த, க மாதிரி எழுத்துகளோட கூர்மையான சத்தம் அந்தப் பக்கம் தான் வருது, அதனால தான் அப்பா "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு தான் தெரியல"ன்னு சொல்லிட்டே இருந்திருக்காரு. நாங்க அவர்கிட்ட கத்துனதுக்கு பிரயோஜனமே இல்ல. முகத்தைப் பாத்து நிதானமா பேசுங்கன்னாங்க மேடம்.

இன்னொன்னும் சொன்னாங்க. 85 டெசிபல் (டெசிபல்னா சத்தத்தோட அளவு) சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் தான் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். தறிப்பட்டறையில 90க்கு மேல சாதாரணம். சித்தப்பா பையன் இன்னும் காதுல பஞ்சு வெச்சுட்டு தான் தறி ஓட்டறான், பஞ்சு பத்தவே பத்தாது, அன்னைக்கே அவனுக்கு ஃபோம் இயர் பிளக் வாங்கிட்டுப் போனேன்.

காதுக்குப் பின்னாடி மாட்டற டிஜிட்டல் மெஷின், ரெண்டு காதுக்கும் சேத்து 44,000. காசு பெருசு தான். ஆனா 2020ல லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு, மறதி நோய்க்கு தடுக்கக்கூடிய காரணங்கள்ல காது கேளாமையையும் சேத்திருக்கு, அதைப் படிச்சப்புறம் நான் யோசிக்கல. மொதல்ல குறைச்சலா வெச்சு, 3 விசிட்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க. மொத வாரம் குக்கர் விசிலுக்கு கழட்டி வெச்சவரு இப்ப காலையில பல்லு வெளக்குனதும் மாட்டிக்கறாரு.

குறைன்னா, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வயசானவங்க வர்ற இடத்துல இது பெரிய தப்பு. வேர்வை ஈரம் மெஷினுக்கு ஆகாது, ராத்திரி ஈரத்தை உறிஞ்சற சிலிகா டப்பாவுல வைக்கணும்னு மொதல்லயே சொல்லல, ஒரு மாசத்துல ஒரு மெஷின் மக்கர் பண்ணப்புறம் தான் தெரிஞ்சுது. இலவசமா சரி பண்ணிக் குடுத்துட்டாங்க. பேட்டரி ஆரஞ்சு ஸ்டிக்கர் 13ம் நம்பர், ஸ்டிக்கரை உரிச்சதும் போடாம ஒரு நிமிஷம் காத்துல வெச்சுட்டு போடுங்க.

அடுத்த விசிட் வர்ற மாசம். தேதியை அப்பாவே காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்காரு, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க பேசறது இன்னும் சரியா புரியலையாம், அதை மேடம்கிட்ட சொல்லி செட் பண்ணிக்கணுமாம்.