பழைய டிஜிட்டல் கேபிள் மீட்டர் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

புதுக் கருவி விலையில் சரிபாதி. அந்தப் பாதியைக் கொடுத்து வாங்கியது, கேபிள் டிவியின் டிஜிட்டல் சிக்னலைப் பிரித்து அதன் தரத்தை அளக்கும் 256 குவாம் அனலைசரே இல்லை. சிக்னலின் பலத்தை மட்டும் காட்டும் வெறும் அனலாக் லெவல் மீட்டருக்கு வேறு மெனுவை ஏற்றி விற்றிருக்கிறார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் இதில் மாட்டக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

வாங்கிய இடம், பழைய அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்த்து விற்பதாகச் சொல்லும் ஓர் இணையச் சந்தை. விற்றவர் தொழில் தெரிந்தவர் போலவே பேசினார். "எம்இஆர் 37 காட்டும் சார். ப்ரீ பிஇஆர், போஸ்ட் பிஇஆர் ரெண்டும் தனித்தனியா வரும். காலிபரேஷன் பண்ணித்தான் அனுப்புவேன்" என்றார். எம்இஆர் என்பது சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று டிபியில் சொல்லும் அளவு. பிஇஆர் என்பது பிட்களில் எத்தனை பிழை என்ற விகிதம்; ப்ரீ என்றால் பிழை திருத்தத்துக்கு முன், போஸ்ட் என்றால் பின். கேட்ட உடனே, சிக்னலின் சிம்பல்களைப் புள்ளிகளாகக் காட்டும் கான்ஸ்டலேஷன் படம் வந்தது. 256 புள்ளிகளும் சிதறாமல் அதனதன் கட்டத்தில் நின்றன. முத்திரை குத்திய காலிபரேஷன் சான்றிதழும் கூடவே வந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் பணம் போனது. உயிருள்ள சிக்னலில் ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் புள்ளிகள் கொஞ்சமாவது அசையும். இந்தக் கருவியில் எந்தச் சேனலுக்குப் போனாலும் அதே புள்ளிகள், அதே இடத்தில். உள்ளே சேமித்து வைத்த படம் அது!

லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் சேனலின் சக்தி சேனல் அகலம் முழுக்கப் பரவியிருக்கும். 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் சிம்பல் ரேட், அதாவது வினாடிக்குப் போகும் சிம்பல்களின் எண்ணிக்கை, 6.875 மெகா. 230 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் உள்ள அனலாக் மீட்டர் அதில் ஒரு கீற்றைத்தான் பார்க்கிறது. 6.875ஐ 0.23ஆல் வகுத்து, லாக் எடுத்து, 10ஆல் பெருக்கினால் 14.8 டிபி. அதைக் கூட்டினால்தான் உண்மையான சேனல் பவர். இந்தக் கருவி கூட்டுவதே இல்லை. 60 டிபி மைக்ரோவோல்ட் இருக்கும் பாயின்டில் 45 காட்டுகிறது. சிக்னல் குறைவு என்று நினைத்து ஆம்ப்ளிஃபயர் கெயினை ஏற்றினால் ஆம்ப் தாங்கும் அளவைத் தாண்டிக் கம்ப்ரஷனுக்குப் போகும், கான்ஸ்டலேஷனின் மூலைப் புள்ளிகள் உள்ளே இழுபடும், நன்றாக ஓடிய லைனிலும் படம் உடையும். பணம் போனதைவிட இதுதான் பெரிய ஆபத்து.

எம்இஆர் கதை இதைவிட மோசம். செட்டாப் பாக்ஸில் படம் உடைந்துகொண்டிருக்கும் இடத்திலும் 37 என்கிறது. விட்டு விட்டு வரும் இம்பல்ஸ் நாய்ஸில் எம்இஆர் நன்றாக இருந்தும் படம் உடையலாம், உண்மைதான். அப்போது பிஇஆராவது ஏற வேண்டுமே? இதில் அது 10இன் மைனஸ் 9ஆம் அடுக்கை விட்டு நகரவே இல்லை. சேனல் லெவலிலிருந்து பக்கத்து இடைவெளியின் நாய்ஸைக் கழித்து வரும் சி/என் (கேரியருக்கும் நாய்ஸுக்கும் உள்ள வித்தியாசம்) அளவுக்கே எம்இஆர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேரியருக்கு அடியில் ஒளிந்திருக்கும் இன்கிரஸ் (வெளியிலிருந்து கேபிளுக்குள் நுழையும் சிக்னல்), ஃபேஸ் நாய்ஸ் (கேரியரின் ஃபேஸ் நடுக்கம்), கம்ப்ரஷன் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு சின்னச் சோதனை. சிம்பல் ரேட்டைக் கருவியே கண்டுபிடிக்கும் ஆட்டோவை அணைத்துவிட்டு, அதை வேண்டுமென்றே 5.000 என்று தவறாகக் கொடுக்க வேண்டும். டிஜிட்டல் சிக்னலைப் பிரித்தெடுக்கும் டீமாடுலேட்டர் உள்ள கருவி லாக்கை, அதாவது சிக்னல் மேல் உள்ள பிடியை, இழக்கும், எம்இஆர் இருந்த இடத்தில் கோடுதான் வரும். இது அப்போதும் 37.

விற்றவரிடம் சொன்னால், "உங்க லைன்லதான் நாய்ஸ் இருக்கு சார்" என்றார். பிறகு எஃப் கனெக்டரை மாற்றச் சொன்னார். பிறகு பேட்டரியை முழுசாக இறக்கி ஏற்றச் சொன்னார். ஃபர்ம்வேர் அனுப்புகிறேன் என்றவர் அதை அனுப்பவே இல்லை. அதற்குள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது. சந்தையின் உதவிப் பிரிவோ "கருவி ஆன் ஆகிறது, விவரத்துடன் பொருந்துகிறது" என்று இரண்டே வரியில் புகாரை மூடிவிட்டது. புதுக் கருவி விலையில் பாதி, அதில் ஒரு காசு கூடத் திரும்பி வரவில்லை.

வாங்குவோர் கவனத்துக்கு, அவசரமாகச் சில:

கான்ஸ்டலேஷனைப் படமாக வாங்காதீர்கள், வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போதே சிம்பல் ரேட்டை மாற்றச் சொல்லுங்கள், லாக் போக வேண்டும்.

சிக்னலை 10 டிபி குறைக்கும் அட்டெனுவேட்டரை மீட்டருக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். லெவல் 10 இறங்க வேண்டும். எம்இஆர் ஏறினால் மீட்டரின் முன்பகுதி ஓவர்லோடு ஆகிறது என்று அர்த்தம்.

கேபிள் டிவி லைனுக்கு ஏற்றபடி உள்ளீடு 75 ஓம்தானா என்று கேளுங்கள்.

சான்றிதழ், பின்பக்க ஸ்டிக்கர், மெனு மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் மூன்றும் வேறு வேறு.

ரிட்டர்ன் கெடு ஓடும்போது "பேட்டரியை இறக்கி ஏத்துங்க" என்றால் கேட்காதீர்கள், அன்றைக்கே புகார் போடுங்கள்.