கனிம ஒயிலா, செயற்கை ஒயிலா: மாற்றுவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களுக்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த தரத்துக் கனிம எஞ்சின் ஒயில், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் ஒயில், போதுமானது. அதே ஒழுங்கையில் நிற்கும் டொயோட்டா அக்குவாவுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய தரத்து, இரசாயன முறையில் தயாரித்த செயற்கை ஒயிலே பொருந்தும். விலை குறைவென்று அதற்குத் தடித்த ஒயிலை ஊற்றினால், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

கனிம ஒயிலை ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். செயற்கை ஒயில் பல கார்களில் 10,000 வரை தாங்கினாலும், சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடி, எஞ்சின் முழுச் சூடு ஏறுமுன்பே நிறுத்தப்படும் காருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கொழும்புக்கு ஏ9 வீதியில் அடிக்கடி போய்வருபவருக்கே அதன் முழுப்பயன் கிடைக்கும் என்பது என் கருத்து.

செயற்கை ஒயிலுக்கு மாறினால் கசியும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், ஒயில் வெளியேறாமல் தடுக்கும், ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன றப்பர் சீல்களின் இடுக்குகளை அடைத்திருந்த கசடு கரையும்போது, முன்பே இருந்த பழுது, காலையில் சீமெந்துத் தரையில் ஒரு கரும்பொட்டாகத் தெரியவருகிறது. ஆகவே பழைய எஞ்சினில் மாற்றுமுன் சீல்களைப் பார்ப்பது அவசியம். இரண்டு வகை ஒயிலும் சிறிதளவு கலந்தாலும் எஞ்சின் கெடாது. ஒயில் பில்டரை மட்டும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள்.