அண்ணா நகர் பாலிட்டி வீக்கெண்ட் பேட்ச்: சாருக்கு 5 ஸ்டார், நோட்ஸுக்கு 1

குரூப் 1க்கும் யூபிஎஸ்சிக்கும் சேர்த்து பாலிட்டி (அரசியலமைப்பு பாடம்) மட்டும் எடுக்குற வீக்கெண்ட் பேட்ச் ஒன்னு அண்ணா நகர்ல ஓடுது, ரவுண்டானால இருந்து நடந்தே போயிடலாம், கீழ ஜெராக்ஸ் கடை, மேல கிளாஸ். பேர் போடல, போட்டா பெய்டு ரிவ்யூம்பீங்க, அதுவும் இல்லாம கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கு. ஃபீஸ் 6,500, மெட்டீரியலோட. ஏசி ஒன்னுதான் ஓடுது, கடைசி ரெண்டு வரிசைல உக்காந்தா வேர்த்து ஊத்தும்.

எல்லா டாபிக்கையும் எழுதினா யாரும் படிக்க மாட்டீங்க, அதனால ரீகால் எலெக்ஷன் (ஜெயிச்சவர பதவிக்காலம் முடியுறதுக்குள்ள ஓட்டு போட்டு இறக்குறது) கிளாஸ மட்டும் சொல்றேன், இவங்க பலம் பலவீனம் ரெண்டும் அதுலயே தெரிஞ்சு போச்சு.

சார் உள்ள வந்ததும் ஒரு வார்த்தை பேசாம போர்டுல ரெண்டு நாற்காலி வரைஞ்சாரு. ஒன்னு காலி, இன்னொன்னுல ஆள் உக்காந்திருக்கு. மத்தியப் பிரதேசத்துல நகராட்சித் தலைவர இறக்கலாமா வேணாமான்னு ஓட்டு நடந்தா இதுதாம்ப்பா சின்னம், ஆள் போகட்டும்னா காலி நாற்காலி, இருக்கட்டும்னா ஆள் இருக்குற நாற்காலின்னாரு. இனிமே அந்த சட்டம் சாகுற வரைக்கும் மறக்காது. ஆனா அங்க ஜனங்க நேரா ஆரம்பிக்க முடியாது, கவுன்சிலர்ல முக்கால்வாசி பேர் கையெழுத்து போட்டாதான் வண்டி கிளம்பும், முடிவு மட்டும் ஜனங்க கைல. சத்தீஸ்கர்லயும் இதே கதை, 2008ல தலைவருங்க 3 பேர வீட்டுக்கு அனுப்பினாங்க. ஹரியானால 2020ல சர்பஞ்சுக்கும் (கிராம பஞ்சாயத்து தலைவர்) கொண்டு வந்துட்டாங்க.

இப்ப நோட்ஸுக்கு வாங்க. "மத்தியப் பிரதேசத்தில் எம்எல்ஏக்களைத் திரும்ப அழைக்கலாம்"னு கொட்டை எழுத்துல அடிச்சிருக்காங்க!! இந்தியால எம்பி எம்எல்ஏ யாரையும் ஓட்டு போட்டு பாதில இறக்க வழியே கிடையாது. ஜேபி (ஜெயப்பிரகாஷ் நாராயண்) இது வேணும்னு கேட்டாரு, 1974ல எம்பி சி.கே.சந்திரப்பன் லோக்சபால மசோதா கொண்டு வந்தாரு, வாஜ்பாயே ஆதரிச்சும் தோத்துச்சு, அப்புறம் வருண் காந்தி தனிநபர் மசோதா ஒன்னு, அதோட சரி. இது ஸ்டேட்மென்ட் கேள்வியா வந்தா நெகட்டிவ் மார்க் யாருக்கு விழும், நோட்ஸ் அடிச்சவனுக்கா நமக்கா?

அமெரிக்கா பகுதிதான் இந்த கிளாஸோட ஹைலைட். அங்க கவர்னர்னா கிண்டில இருக்குறவர் மாதிரி டெல்லி அனுப்புற ஆள் இல்ல, ஜனங்க ஓட்டுல வர்றவரு, நம்ம சிஎம் வேலை அவர் பாக்குறாரு, இத மண்டைல ஏத்திட்டு கேளுங்கன்னு ஆரம்பிச்சாரு. கலிபோர்னியால 1911ல இருந்து ரீகால் இருக்கு. போன கவர்னர் தேர்தல்ல விழுந்த ஓட்டுல 12 சதவீதம் கையெழுத்து வாங்கணும், டைம் 160 நாள். ஓட்டுச்சீட்டுல 2 கேள்வி: இவர இறக்கலாமா, இறக்கினா யாரு வரணும். 2003ல கவர்னர் கிரே டேவிஸ் அப்படித்தான் போனாரு, ரெண்டாவது கேள்விக்கு 135 பேர் நின்னாங்க, நம்ம டெர்மினேட்டர் அர்னால்டு வந்தாரு.

இதுல இருக்குற ஓட்டைய சார் பிரிச்சு மேஞ்சாரு. முதல் கேள்விக்கு பாதிக்கு மேல வேணும், ரெண்டாவதுக்கு அதெல்லாம் வேணாம், யாரு அதிகமோ அவரு. இப்ப இருக்குறவர் பேர் ரெண்டாவதுல வராது. அதனால 49 சதவீதம் பேர் ஆதரவு இருக்குறவரு வெளிய போயி 25 சதவீதம் வாங்கினவரு உள்ள வரலாம். 2021ல அங்க கவர்னர் நியூசம் மேல ரீகால் வந்தப்ப அவரு 60 சதவீதத்துக்கு மேல வாங்கி தப்பிச்சதால அந்த சிக்கல் வரல, ஆனா அரசாங்கத்துக்கு 20 கோடி டாலர் கிட்ட செலவு. விஸ்கான்சின்ல ரெண்டு கேள்வி கிடையாது, இருக்குறவரும் திரும்ப நிக்கலாம், கையெழுத்து 25 சதவீதம், 2012ல அங்க கவர்னர் ஸ்காட் வாக்கர் நின்னு ஜெயிச்சே காட்டினாரு. எனக்கு கேட்டா விஸ்கான்சின் முறைதான் நியாயம்.

அப்ப முன் வரிசைல ஒரு பொண்ணு கேட்டுச்சு, சார் நம்ம ஊர்ல நாலு முனைப் போட்டில 38 சதவீதம் வாங்கி ஜெயிக்கிறாங்க, மீதி 62 பேரும் ஒன்னா சேர்ந்தா எந்த எம்எல்ஏவும் ஒரு வருஷம் தாண்ட மாட்டாங்களேன்னு. சார் மார்க்கர கீழ வச்சுட்டு, நீ சொன்னதுதாம்மா மெயின்ஸ் ஆன்சர்னாரு. அதுக்கப்புறம் சிலபஸ் எங்கயோ போச்சு, கிளாஸ் ஃபுல்லா சண்டை. 2017 பிப்ரவரில கூவத்தூர் ரிசார்ட்ல எம்எல்ஏங்க இருந்தப்ப தொகுதிக்காரங்க போன் போட்டு கத்துனத தவிர வேற என்ன பண்ண முடிஞ்சுதுன்னு ஒருத்தன் கேட்டான். சார் அதையே புடிச்சுக்கிட்டாரு, அதே வருஷம் செப்டம்பர்ல 18 எம்எல்ஏ பதவிய சபாநாயகர் காலி பண்ணாரு, 2019 ஏப்ரல், மேலதான் அந்த சீட்டுக்கெல்லாம் இடைத்தேர்தல், அதாவது ஓட்டு போட்டவன தவிர மத்த எல்லாரும் எம்எல்ஏவ இறக்கலாம்ப்பான்னாரு. பஞ்சாயத்து தலைவர் விஷயத்துலயும் இங்க கலெக்டர் கைலதான், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205வது பிரிவு, குறிச்சு வச்சுக்கோங்க, நோட்ஸ்ல அதுவும் இல்ல.

கிளாஸ் ஒரு மணி நேரம் லேட்டா முடிஞ்சுது, யாரும் எந்திரிக்கல.

சேரலாமான்னா தாராளமா சேருங்க, ஆனா இந்த சார்தான் எடுக்குறாரான்னு கேட்டுட்டு பணம் கட்டுங்க, சண்டே சாயந்திரம் வர்ற இன்னொருத்தர் ஸ்லைட பாத்து அப்படியே வாசிக்கிறாரு. மெட்டீரியல் வேணாம்னு டெஸ்க்ல சொன்னா 1,500 குறைக்கிறாங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். டெஸ்ட் சீரிஸும் அந்த நோட்ஸ வச்சுதான் போடுறாங்க, சோ அத தொடவே தொடாதீங்க.