பாதி எழும் ஸ்பிரிங்க்ளர்: பம்ப் போடுவதா, நாசிலை மாற்றுவதா, ஜோனைப் பிரிப்பதா?

ஜோனைத் (ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் ஸ்பிரிங்க்ளர்களின் கூட்டம்) திறந்தால் ஹெட், அதாவது தரைக்குள்ளிருந்து எழுந்து தெளிக்கும் தலை, பாதிதான் எழுகிறது. கழுத்தைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. நாலரை மீட்டர் போக வேண்டிய தண்ணீர் காலடியிலேயே விழுகிறது. புல்தரை வைத்த வீடுகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. பிளம்பரைக் கூப்பிட்டால், "சார், ஒரு பிரஷர் பம்ப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். சில வீடுகளில் சரியாகவும் ஆகும். ஆனால் பம்ப்பை விட மலிவாக முடிகிற வழிகள் இரண்டு உண்டு. எது உங்கள் வீட்டுக்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளலாம்.

ஹெட் கொஞ்சம்கூட எழவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்றால் கதை வேறு. வால்வின் மேலிருக்கும் சோலினாய்டை (மின்சாரம் வந்ததும் வால்வைத் திறக்கும் பாகம்) கையால் கால் சுற்று திருப்புங்கள். தண்ணீர் வந்துவிட்டால் குற்றம் மின்சாரத்தில்: டைமர், ஒயர், இல்லாவிட்டால் சோலினாய்டு. சோலினாய்டில் மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 20 முதல் 60 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது. இந்தக் கட்டுரை தண்ணீர் வந்தும் வேகம் இல்லாதவர்களுக்கு.

அவர்கள் முதலில் வாங்க வேண்டியது பிரஷர் கேஜ், தண்ணீரின் அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் காட்டும் மீட்டர். சில நூறு ரூபாய்தான். தோட்டத்துக்கு வரும் பைப்பில், வால்வுகளுக்கு முன்னால் அதை மாட்டுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு தடவை பாருங்கள், ஜோனை ஓடவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். மூடியிருக்கும்போதே முள் 1 பாருக்குக் கீழே கிடந்தால் அழுத்தமே இல்லை. மூடியிருக்கும்போது 3 காட்டி, ஓடும்போது 1-க்கு இறங்கினால் அழுத்தம் இருக்கிறது, வழியில் எதுவோ அதைத் தின்கிறது. ஓடும்போதும் முள் இறங்கவில்லை, ஆனாலும் ஹெட் எழவில்லை என்றால் அடைப்பு கேஜைத் தாண்டி இருக்கிறது. வால்வின் தலையில் உள்ள ஃப்ளோ திருகை யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள். அல்லது ஹெட்டுக்குள் நாசிலுக்கு (தண்ணீர் தெறிக்கும் முனை) அடியில் இருக்கும் சின்ன வடிகூடையில் போர் மணல் அடைந்திருக்கும். தண்டை மேலே இழுத்துப் பிடித்து, நாசிலைக் கழற்றினால் அந்தக் கூடை கையோடு வரும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அது வெள்ளை பூத்துப்போயிருக்கும். வினிகரில் ஊறப்போட்டால் விட்டுவிடும்.

இனி பம்ப். மாடி டேங்க்கிலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கும் வீடுகளுக்குப் பம்ப் இல்லாமல் கதி இல்லை. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடியில் நிற்கும் டேங்க்கிலிருந்து தரைக்கு எட்டு மீட்டர் வந்தால் அதிகம், அதாவது 0.8 பார். சாதாரண ஸ்பிரே ஹெட்டுக்கு 2 பார் வேண்டும், சுழலும் ரோட்டருக்கு 3. பல சோலினாய்டு வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடவே 1 முதல் 1.5 பார் கேட்கும். இந்த நிலையில் டைமரை மாற்றுவதும் வால்வை மாற்றுவதும் வீண் செலவு.

எந்தப் பம்ப் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரைவட்டமாகத் தெளிக்கும் நாலரை மீட்டர் ஸ்பிரே நாசில் ஒன்று நிமிடத்துக்கு 7 லிட்டர் குடிக்கும். ஒரு ஜோனில் எட்டு ஹெட் என்றால் 56 லிட்டர். இதை 3 பாரில் தள்ள ஏறத்தாழ 1 ஹெச்பி தேவைப்படும். பாத்ரூம் ஷவருக்காக விற்கும் அரை ஹெச்பி பூஸ்டர் இங்கே திணறும். அது போக, நிமிடத்துக்கு 56 லிட்டர் போனால் 1000 லிட்டர் டேங்க் 18 நிமிடத்தில் காலி. காலையில் குளிக்கப் போனவரிடம் திட்டு வாங்காமல் இருக்க, சம்ப்பிலிருந்து எடுப்பது நல்லது. இன்னொரு தொல்லை: ஏதாவது ஒரு வால்வு லேசாகக் கசிந்தால்கூட பிரஷர் சுவிட்ச் வைத்த பம்ப் ராத்திரி முழுக்க ஓடி ஓடி நிற்கும். கரண்ட் பில் வந்த பிறகுதான் தெரியும்.

ஓடும்போது முள் விழுகிற வீட்டில் பம்ப் ஒரு முரட்டு வைத்தியம். முக்கால் இஞ்ச் பைப்பில் நிமிடத்துக்கு 56 லிட்டர் போனால் தண்ணீரின் வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தொடும். 1.5 மீட்டருக்குள் இருப்பதுதான் பைப்புக்கு நல்லது. அங்கே முதலில் மெயின் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஜோனை இரண்டாகப் பிரிக்கலாம். நாலு நாலு ஹெட்டாக ஓட்டினால் வேகம் பாதியாகும், பைப்பில் வீணாகும் அழுத்தமோ கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கணக்கில் இதைவிட அழகான தீர்வு கிடையாது. ஆனால் புல்லை வெட்டிப் பள்ளம் தோண்டி, இன்னொரு வால்வு வைத்து, டைமர் வரைக்கும் ஒயர் இழுக்க வேண்டும். டைமரில் காலியான ஸ்டேஷன் (இன்னொரு வால்வின் ஒயரை மாட்டும் இடம்) இருக்கவும் வேண்டும். மெதுவாக வளரும் கொரியன் கிராஸ் போட்டவர்களுக்குத் தோண்டிய தடம் மறைவதற்குள் பொறுமை போய்விடும்.

அதனால் இந்த வகை வீட்டுக்கு என் ஓட்டு ரோட்டரி நாசிலுக்கு. பழைய ஹெட்டை அப்படியே விட்டுவிட்டு, மேல் நாசிலை மட்டும் மாற்றுவது. விசிறி போல் சிதறாமல், மெல்லிய கம்பி கம்பியாகத் தண்ணீர் சுழன்று விழும். தண்ணீர் தேவை ஸ்பிரே நாசிலில் ஏறத்தாழ கால் பங்குதான், எட்டு ஹெட்டுக்கும் சேர்த்து 14 லிட்டர். ஸ்குரூடிரைவரோடு ஒரு காலை வேளையில் முடிகிற வேலை. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை நேரம்தான்: பத்து நிமிடம் ஓடிய ஜோன் நாற்பது நிமிடம் ஓட வேண்டும், டைமரில் அதை மறக்காமல் மாற்ற வேண்டும். ஒரே ஜோனில் பாதி ஸ்பிரே, பாதி ரோட்டரி என்று கலக்கவே கூடாது, ஒரு பக்கம் சேறாகும், மறுபக்கம் காயும். துளைகள் சிறியவை என்பதால் உப்பு அடைப்பும் சீக்கிரம் வரும்.

மாடி டேங்க் வீட்டுக்காரருக்கும் இதில் லாபம் இருக்கிறது. நாசில் மாற்றினால் மட்டும் 0.8 பார் 3 பார் ஆகிவிடாது, பம்ப் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் 14 லிட்டருக்கு அந்த ஷவர் பூஸ்டரே போதும். எனவே நாசிலை முடிவு செய்த பிறகு பம்ப் கடைக்குப் போங்கள்.

புல்தரை ஐந்நூறு சதுர அடிக்குள் என்றால் இதெல்லாம் எதற்கு என்றே தோன்றுகிறது. ஒரு ஹோஸ், கையில் ஒரு ஷவர் முனை. அதற்கு 0.8 பார் தாராளம்.