வீல் கப் கிளிப்புக்கு வெல்டு வைக்க விடாதீர்கள்

ஊரில் பழைய கார் நிற்கும் வீடுகளுக்கெல்லாம் இந்த விடுமுறையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வீல் கப் என்பது சக்கரத்தின் நடுவை மூடும் தகட்டு மூடி. அதைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்பைச் சக்கரத்தில் ரிவிட் (தலையுள்ள சின்ன உலோகத் தண்டு) அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் கிளிப் உடைந்துபோனால் டிங்கர் பட்டறையில், "வெல்டு வெச்சிடலாம் சார், அஞ்சு நிமிஷம்" என்பார்கள். தலையாட்டாதீர்கள்.

நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மோரிஸ் மைனரின் முன் சக்கரத்துக்கு நடந்தது இது. டயரைக் கழற்றவில்லை, காற்றைக்கூட இறக்கவில்லை. புதுக் கிளிப்பை வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு வெல்டு வைத்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மெயின் ரோடு ஏறி முதல் வேகத்தடையைத் தாண்டியதும் கப் கழன்று ஓடியது. குனிந்து பார்த்தால் வெல்டு அப்படியே இருக்கிறது. அதை ஒட்டிய இடத்தில் கிளிப் இரண்டாக முறிந்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிளிப், ஒரே நாளில் குப்பை.

முறிந்ததில் ஆச்சரியம் இல்லை. கிளிப் சாதாரண இரும்புத் தகடு கிடையாது. கடினமாக்கி, பிறகு அளவாகச் சூடேற்றிப் பதம் வைத்த ஸ்பிரிங் எஃகு. வெல்டு விழுந்ததும் பக்கத்தில் உள்ள பகுதி சட்டென்று சூடாகிச் சட்டென்று குளிர்ந்து, எளிதில் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். கொஞ்சம் தள்ளியிருக்கும் பகுதியில் பதம் போய்விடும். அழுத்தினால் வளைந்தபடியே நிற்கும், திரும்பி எழாது. கப்பைப் பிடிக்கும் வேலையே அந்தத் திரும்பி எழும் விசைதான்.

கிளிப் போனது சின்ன விஷயம். டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் நெருப்பு வைத்தார்களே, அதுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உள்ளே ரப்பர் சூட்டில் சிதைந்து, எரியக்கூடிய வாயு சேரும். அது வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்பதும் தப்பு. டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கராஜுக்குள் வேலைக்குச் சேரும் பையனுக்குக்கூட இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் கைத்திறனில் நம் ஊர்தான் மேல். இங்கிலாந்தில் கிளிப்பும் ரிவிட்டும் சின்னக் கவரில் தபாலில் வந்துவிடும்; அடித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பலரும் பாப் ரிவிட் துப்பாக்கியை எடுத்துவிடுகிறார்கள். பாப் ரிவிட் சுத்தியலால் அடிப்பதல்ல, துப்பாக்கியால் இழுத்து இறுக்குவது; உள்ளே குழாய். கப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் கிளிப் ஆடுவதால் கொஞ்ச நாளில் அது லூசாகிவிடும். அலுமினியமாக இருந்தால் ஈரம் பட்டு இன்னும் சீக்கிரம் அரித்துப்போகும்.

ஊரில் இதற்குப் போக வேண்டிய இடம் டிங்கர் பட்டறை இல்லை, லாரி பிரேக் லைனிங் கடை. பிரேக் ஷூவில் லைனிங்கை வைத்து நாள் முழுக்க ரிவிட் அடிக்கிறவர்கள் அவர்கள். டாலி (ரிவிட் தலைக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு), பஞ்ச், பழகிய கை எல்லாம் அங்கே இருக்கிறது. அவர்களிடம் உள்ள ரிவிட் மட்டும் நமக்கு ஆகாது. லைனிங்குக்கான அந்தப் பித்தளை ரிவிட் மென்மையானது, முனையில் துளையுள்ளது. துளையே இல்லாத மைல்டு ஸ்டீல் ரிவிட்டை நாம் கொண்டுபோக வேண்டும்.

பழைய ரிவிட்டை எடுப்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. உளியை வைத்து ஒரே அடியாக அடித்தால் சக்கரத் தகடு நெளியும். ரிவிட் தலையின் நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. பிட்டால் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும். பிறகு ரிவிட் தண்டைவிடக் கொஞ்சம் சிறிய பிட். தலை தானாகப் பிரியும்; மீதியைப் பஞ்ச் வைத்துத் தட்டிவிடலாம். பெரிய பிட்டைப் போட்டு ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் எந்த ரிவிட்டும் நிற்காது. கழற்றும் முன் கிளிப்பின் வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் கிளிப்பே இல்லாமல் குமிழ்தான் இருக்கும்.

கிளிப்புக்கு அடியில் இருக்கும் துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, மெல்லிசாக ஒரு கை பிரைமர் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். தடிமனாக அடித்தால் பெயிண்ட் நசுங்கி, பின்னால் கிளிப் ஆடும்.

ரிவிட் நீளத்துக்குக் கணக்கு உண்டு. தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது விட்டத்தில் ஒன்றரை மடங்கு. ரிவிட் 4.8 மி.மீ. விட்டம், தகடும் கிளிப்பும் சேர்ந்து 4 மி.மீ. கனம் என்றால் நீளம் 11 மி.மீ. சரியாக இருக்கும். அதிகமானால் அடிக்கும்போது சாய்ந்து மடங்கும். குறைந்தால் தலை முழுதாக உருவாகாது.

லைனிங் கடைப் பெரியவர் அடித்த முறை பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. ரிவிட்டின் தலை கிளிப் பக்கம். அதைக் குழியுள்ள டாலியில் உட்கார வைத்து, டாலியை வைஸில் இறுக்கி, சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்து அடித்தார். சுத்தியல் தவறினாலும் கிளிப்பில் படாது. முதலில் நேராக இரண்டு மூன்று அடி, தண்டு தடித்து ஓட்டையை நிறைக்க. அப்புறம் சுத்தியலின் உருண்டை முனையால் ஓரங்களைச் சுற்றி. செல்லமாக நாற்பது தட்டுத் தட்டினால் இரும்பு இறுகித் தலையில் வெடிப்பு விடும். குறைவான, உறுதியான அடிதான் வேண்டும். ஒரு கிளிப்புக்கு இரண்டு ரிவிட் இருந்தால் ஒன்றை முழுக்க முடிக்காமல், இரண்டையும் பாதி இறுக்கிவிட்டுப் பிறகு முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளிப் திரும்பிவிடும். இதை யாரும் சொல்லாமலே செய்தார் அவர்.

பின்பக்கத்தில் உருவான தலை, சக்கரம் பிரேக் டிரம்மில் உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது. ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தலை தூக்கிக்கொண்டிருந்தால் சக்கரம் சமமாக உட்காராது, ஓட ஓட நட்டுகள் தளரும்.

மாட்டும்போது கப்பை முதலில் இரண்டு கிளிப்பில் ஏற்றி, எதிர்ப்பக்கத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். "டப்" என்று உட்காரும் அந்தச் சத்தம் பழைய ஆட்களுக்குத் தெரியும். கையால் இழுத்தால் வரக் கூடாது. லூசாக இருந்தால் கிளிப்பைப் பிளையரால் வளைக்காதீர்கள், முறியும். பெரும்பாலும் கோளாறு கப்பின் விளிம்பில்தான்; மரக்கட்டையை அண்டக் கொடுத்து உள்பக்கமாகக் கொஞ்சம் தட்டினால் சரியாகிவிடும்.

ஊருக்கு வருகிறவர்கள் கிளிப்போடு ஸ்டீல் ரிவிட்டையும் எண்ணிக்கைக்கு மேல் நாலைந்து சேர்த்தே எடுத்து வாருங்கள். முதல் ஒன்றிரண்டு கோணலாகப் போவது சகஜம்.